அபத்தத்தின் பொருளும் பயனும்



பொதிகையில் பிறந்த பொருநை மலையை விட்டிறங்கிச் சமவெளியில் கால் வைக்கும் இந்தப் பாபநாசத்தில், உலகம்மை சந்நிதிக்கும் படித்துறைக்கும் அண்மையில், தமிழ் மக்கள் கூடிய ஓர் அவையில் பேசுவதென்றால், அகத்தியரைப் பற்றியோ, சங்கத்தைப் பற்றியோ, பக்தியைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அவற்றுள் எதுவுமன்று. அபத்தம் என்னும் கருத்துக்குப் பொருள் என்ன, அதனால் மனிதனுக்குப் பிரயோஜனம் என்ன என்பதே இன்றைய பேச்சு. மங்கலமான மாலை வேளையில் இது என்ன தலைப்பு என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். ஆயினும் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களையும் மாண்டவர்களையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கும்போது, இதைவிட இவ்வூருக்கு நெருக்கமான தலைப்பு வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

‘என்ன அபத்தம்!’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். எதற்காகச் சொல்கிறோம்? ஒரு பேச்சை முடித்துவிடுவதற்காக. ஒரு கருத்தை வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிடுவதற்காக. அபத்தம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. அபத்தமான ஒன்றைக் கண்டவுடன் அதைத் தள்ளிவிடக் கூடாது. அதனை உண்மையென்றே ஒரு நாழிகை வைத்துக்கொண்டு, அது நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அந்த எல்லைவரை அதனோடு நடந்துசெல்ல வேண்டும். அப்படி நடந்தவர்கள் உண்மையைக் கண்டிருக்கிறார்கள், அநீதியை அம்பலப்படுத்தியிருக்கிறார்கள், பொறுக்க முடியாததைப் பொறுத்தும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொய் வேறு, அபத்தம் வேறு. தாமிரபரணி அரபிக் கடலில் கலக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பொய். அப்படி ஓர் ஆறு இருந்திருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் அப்படிப்பட்ட ஆறுகள் இருக்கவும் செய்கின்றன. நம் ஆறு அப்படியில்லை, அவ்வளவே. போய்ப் பார்த்தால் பொய் நீங்கிவிடும். ஆனால் ‘என் தாய் மலடி’ என்று ஒருவர் சொன்னால்? அதைச் சோதிக்க நாம் எங்கும் போகவேண்டியதில்லை. சொன்னவர் நம் முன்னே நிற்பதே அந்தச் சொல்லை வீழ்த்துகிறது. தான் நிற்கும் தரையைத் தானே வெட்டி எறியும் கூற்று எதுவோ, அதுவே அபத்தம். இந்த உதாரணம் நான் புனைந்ததன்று. மணிமேகலைக் காப்பியத்தில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கத்தின் குற்றங்களை எடுத்துரைக்கும் இடத்தில் வருவது. பசிப்பிணி தீர்க்கப் புறப்பட்ட ஒரு பெண்ணுக்குத் துறவியாகிய ஆசான் இதைப் பொறுமையாகக் கற்பிக்கிறார் என்றால், நம் முன்னோர் இதனைப் பண்டிதர்களின் பொழுதுபோக்காக நினைக்கவில்லை என்பது விளங்கவில்லையா?

இனி நம் ஊருக்கே வருகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூரில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாகப் பிறந்து, முக்களாலிங்கர் என்னும் பிள்ளைத் திருநாமம் பெற்று, இளமையிலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து துறவு பூண்டு, மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் கண்டு, 1785-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் பரிபூரணம் எய்திய சிவஞான முனிவரை நீங்கள் அறிவீர்கள். பக்தராக அறிவீர்கள், புலவராக அறிவீர்கள், உரையாசிரியராக அறிவீர்கள். அவரை ஒரு தருக்க ஆசிரியராக அறிந்தவர்கள் எத்தனை பேர்? அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தைத் தமிழ் மாணாக்கர் கற்கும்பொருட்டு மொழிபெயர்த்துத் தந்தவரும் அவரே. அந்தச் சின்னஞ்சிறு நூலில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்னும் ஆசைதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

அறிவு இருவகைப்படும் என்கிறது அந்நூல். உள்ளதை உள்ளவாறு அறியும் யதார்த்தம் ஒன்று, அவ்வாறன்றி அறியும் அயதார்த்தம் மற்றொன்று. இந்த அயதார்த்தத்தை மூன்றாக வகுக்கிறார்கள். இருட்டில் தூரத்தே நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம், முதல் வகை. கிளிஞ்சிலைப் பார்த்து வெள்ளி என்றே துணிந்துவிடுவது விபரீதம், இரண்டாம் வகை. மூன்றாவதாக என்ன இருக்கக்கூடும்? ஐயமும் மயக்கமும் போக அறிவின் குற்றம் வேறென்ன உண்டு? மூன்றாவது, தருக்கம்! ஆம், தருக்கத்தைக் கற்பிக்கும் நூலே தருக்கம் என்பதைப் பொய்யறிவின் வரிசையில் வைத்து எண்ணுகிறது.

இது எப்படிப் பொருந்தும்? அதோ அந்த மலையைப் பாருங்கள். சாரலில் புகை எழுகிறதென்று வைத்துக்கொள்வோம். அங்கே தீ இருக்கிறது என்கிறேன் நான். தீ இல்லை என்கிறார் ஒருவர். அவரோடு நான் சண்டையிடவில்லை. ‘நல்லது, நீங்கள் சொல்கிறபடியே தீ இல்லையென்று வைத்துக்கொள்வோம். தீயில்லாத இடத்தில் புகை எழாது; ஆகவே புகையும் இல்லையென்றாகிறது. ஆனால் புகையை நீங்களும் காண்கிறீர்கள், நானும் காண்கிறேன். இப்பொழுது என்ன செய்வது?’ என்று கேட்கிறேன். இங்கே நான் செய்தது என்ன? தீ உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதன் இன்மையை மலையின்மேல் ஏற்றிச் சொன்னேன். உள்ளதை இல்லையென்று கொண்டதால் அது பொய்யறிவே. ஆனால் விபரீதத்தில் இருப்பவன் தான் பொய்யில் இருப்பதை அறியான். தருக்கம் செய்பவனோ தெரிந்தே பொய்யில் கால் வைக்கிறான், அதன் முடிவிலுள்ள அபத்தத்தைத் தொட்டுவிட்டு மெய்க்குத் திரும்பிவருகிறான். கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டு சுவரின் பாகமன்று. சுவர் எழுந்தபின் அது சுவரில் இருப்பதுமில்லை. ஆயினும் அது இல்லாமல் எந்தச் சுவரின் கோணலும் தெரிவதில்லை. அபத்தத்துக்கு முனிவர் கற்பித்த நூல் கொடுத்த ஸ்தானம் அத்தகையது.

மேல்நாட்டில் யூக்ளிது தம் க்ஷேத்திர கணிதத்தில் இதே வழியைக் கையாண்டார். ஒரு முக்கோணத்தின் இரண்டு கோணங்கள் சமமானால் அவற்றுக்கு எதிரான பக்கங்களும் சமம் என்று காட்டவேண்டும், சமமில்லை என்று வைத்துக்கொண்டு புறப்படுகிறார், சிறிய முக்கோணம் பெரிய முக்கோணத்துக்குச் சமம் என்னும் முடிவில் கொண்டுபோய் நிறுத்துகிறார், அஃது அபத்தம் என்கிறார், நிரூபணம் முடிந்தது. கடல்கள் இடையிட்ட இரண்டு தேசங்களில் மனித புத்தி ஒரே கருவியைக் கண்டெடுத்தது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முனிவர் வழியில் வந்தவர்கள் அபத்தத்தின் பல வடிவங்களையும் பெயரிட்டு அறிந்திருந்தார்கள். தன்னை நிறுவத் தன்னையே சான்று காட்டுவது ஆன்மாச்சிரயம். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பது அன்னியோன்னியாச்சிரயம். ஒன்றுக்கு ஆதாரம் மற்றொன்று, அதற்கு ஆதாரம் இன்னொன்று என முடிவில்லாமல் ஓடுவது அநவஸ்தை. இவையெல்லாம் மடங்களில் ஏட்டுச்சுவடியோடு அடங்கிப்போன சொற்கள் என்று எண்ணவேண்டாம். குடும்ப அட்டை கேட்டுப் போகும் ஓர் ஏழைப் பெண்ணிடம் இருப்பிடச் சான்று கொண்டுவா என்கிறார்கள். இருப்பிடச் சான்று கேட்டுப் போனால் குடும்ப அட்டையைக் காட்டு என்கிறார்கள். வெயிலில் இரண்டு வாசலுக்கும் இடையே நடக்கும் அந்தப் பெண்ணுக்குத் தன் தலையில் சுமத்தப்பட்டிருப்பது அன்னியோன்னியாச்சிரயம் என்று தெரியாது. தனக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள். தவறு உன்னுடையதன்று, நீ நடக்கும் வழியே வட்டமாகப் போடப்பட்டது என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது? அபத்தத்தை இனங்காணும் கல்வி பண்டிதனைவிட ஏழைக்கே அதிகம் வேண்டும் என்று நான் சொல்வது இதனாலேதான்.

இங்கே நாம் ஏட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம். வந்தது வந்தோம், திருநெல்வேலிக்கே போவோம். 1908-ஆம் ஆண்டுக்குப் போவோம்.

ஒட்டப்பிடாரத்துச் சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வரலாறு குழந்தைகளும் அறிந்தது. அந்தக் கம்பெனியை வீழ்த்த வெள்ளையரின் கப்பல் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரயாணிகளை இனாமாகவே ஏற்றிச் செல்வதோடு ஆளுக்கு ஒரு குடையும் தருவதாகச் சொன்னது என்று வரலாறு கூறுகிறது. அன்பர்களே, இதைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். வியாபாரத்துக்காகவே நாங்கள் இந்தக் கடலில் கப்பல் விடுகிறோம் என்று சொன்னவர்கள் அவர்கள். வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். வியாபாரி பொருளைக் கொடுத்துப் பணம் வாங்குவான். இவனோ பணமும் வாங்காமல் குடையும் கொடுக்கிறான். அப்படியானால் இவன் செய்வது வியாபாரமன்று. தீயின்மையை மலைமேல் ஏற்றிப் பார்த்தது போல, வியாபாரம் என்னும் கூற்றை அவர்கள்மேல் ஏற்றிப் பார்த்தால் அது அந்த இனாம்குடையின் கீழே இற்று விழுந்துவிடுகிறது. ஆதிக்கம் தன்னை வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு வந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாக்ஷியம் எந்த மேடைப் பேச்சிலும் கிடைத்திருக்காது.

1908 மார்ச்சு மாதத்தில் பிள்ளையவர்களும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டார்கள். திருநெல்வேலி கொதித்தெழுந்தது, துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. ஜூலை மாதத்தில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். ராஜத்துவேஷமாகப் பேசியதற்காக ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கோ பத்து ஆண்டுகள். பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனை, தோழர்களே! ஆயுள் என்பதை இருபது ஆண்டாகக் கொண்டு நாற்பது ஆண்டு என்று கணக்குச் சொல்வார்கள். கணக்கு இருக்கட்டும். இந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே ஒரு நாழிகை வைத்துக்கொண்டு இதனோடு நடந்து பார்ப்போமே! ஓர் ஆயுளை ஒரு தண்டனை எடுத்துக்கொண்ட பின்பு, இரண்டாவது தண்டனையை அனுபவிப்பவர் யார்? சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு உயிர்கள் இருக்க வேண்டும். அல்லது அவருடைய பிரேதத்தைச் சிறையில் வைத்திருக்க வேண்டும். உயிர் ஒன்றே என்பது பின்ஹே துரைக்கும் தெரியும், அவையில் நின்ற சேவகனுக்கும் தெரியும். மேலும் பாருங்கள்: குற்றம் செய்தவனுக்குப் பத்தாண்டு, அவனுக்கு உடந்தையாய் இருந்தவனுக்கு ஆயுள். கிளை முறிந்ததற்குக் கிளையைவிட நிழலுக்கு அதிகத் தண்டனை! ஆகவே, அந்தத் தண்டனை ஒரு குற்றத்தை அளந்து கொடுக்கப்பட்டதன்று. ஓர் அச்சத்தை அளந்து கொடுக்கப்பட்டது. தீர்ப்பைக் கண்டித்து நாம் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பே தன்னைக் கண்டித்துக்கொள்கிறது.

ஆனால் இந்த வாதம் எத்தனை செம்மையாக இருந்தாலும், அபத்தத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வாதத்தால் கொடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் பிள்ளையவர்களின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அந்தக் கலக்கம் பின்பு தெளியவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகப் பிள்ளையவர்களைச் செக்கில் பூட்டினார்கள். கப்பலோட்டியவர் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, அவர் கட்டியெழுப்பிய கம்பெனி கலைந்துபோயிருந்தது. இந்தச் செய்தியை மறுபடியும் பின்னால் தொடுவேன். இப்பொழுது விட்டுச் செல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அபத்தம் என்னும் சொல்லைத் தவறாகப் பிரயோகிப்பவர்களும் உண்டு. பழக்கமில்லாத எதையும் அபத்தம் என்று ஏசிவிடுவது எளிது. சிதம்பரம் பிள்ளை என்னும் வக்கீல் ஒருவர் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோடு கடலில் போட்டியிடுவது என்பது அன்றைக்கு எத்தனை பேர் காதில் அபத்தமாக விழுந்திருக்கும்! இந்த மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் 1936-ஆம் ஆண்டு நவம்பரில் அரசர் பிரகடனத்தால் கோயில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1939-இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் ஹரிஜன சகோதரர்களை அழைத்துச் சென்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒருவர் அவ்வாறு நடக்கும் என்று சொல்லியிருந்தால் ‘நடக்கிற காரியமா?’ என்றுதான் கேட்டிருப்பார்கள். பழக்கமில்லாதது தன்னைத்தானே வெட்டிக்கொள்வதில்லை. நம் சோம்பலைத்தான் வெட்டுகிறது. மாறாக, மிகப் பழகிப்போனது எத்தனையோ முறை தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, நாம் காண்பதில்லை. அபத்தம் நம் வீட்டுக்குள்ளேயே, நம் அடுக்களையிலேயே குடியிருக்கும்போது அதைக் காண்பதுதான் கடினம்.

சேரன்மாதேவிக்கு வருவோம். தேசபக்தரும் அறிஞருமாகிய வ. வே. சு. ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டனுக்குச் சென்று, புரட்சிக் குழுவில் சேர்ந்து, 1910-இல் சீக்கியர் வேடத்தில் போலீசார் கண்ணில் மண்ணைத் தூவி, புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெட்டியின் மேலிருந்த V.V.S. என்னும் எழுத்துகளைச் சுட்டி ஓர் உளவாளி வினவ, அவை வீர விக்கிரம சிங் என்னும் தம் பெயரின் முதலெழுத்துகளே என்று சாதித்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில், பெல்லாரிச் சிறையில் இருந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி எழுதிய அந்த மனிதர், தேசத்துக்குப் புதிய பிள்ளைகளை உண்டாக்க வேண்டும் என்று சேரன்மாதேவியில் ஒரு குருகுலத்தை நிறுவினார். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோர் வற்புறுத்தியதால், தனியே உணவு பரிமாறப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதைக் கண்டித்தார்கள். காங்கிரஸ் பணத்தில் நடக்கும் தேசியக் கல்விச்சாலையில் இது தகுமா என்று கேட்டார்கள். தமிழ்நாடே இரண்டுபட்டது.

ஐயரவர்களிடம் எனக்குள்ள பக்தி பெரிது. ஆயினும் இந்த விஷயத்தில் அவர்பக்கம் நியாயம் இல்லையென்பதே என் தீர்மானம். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறலாகாது என்று அவர் கருதினார்; வாக்குறுதி பெரிதுதான், ஆனால் எதன்மேல் கொடுத்த வாக்குறுதி என்பது அதைவிடப் பெரிது. முனிவர் கற்பித்த வழியிலேயே அந்தப் பந்தியைச் சோதித்துப் பார்ப்போம். பிறன் பார்க்க உண்டால் சோறு தீட்டாகும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சோற்றுக்கு நெல் எங்கே விளைந்தது? கன்னடியன் கால்வாய் பாயும் வயலில். விதைத்தவர் யார்? நாற்று நட்டவர் யார்? கதிர் அறுத்துக் களம் சேர்த்தவர் யார்? பார்வை பட்டாலே தீட்டு என்றால், ஆறு மாதம் அவர்கள் கையிலும் காலிலும் பட்ட நெல் தீட்டில்லையா? கால்வாயில் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதோ இந்தப் பாபநாசத்துப் படித்துறையிலிருந்து வந்தது. அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் எல்லாச் சாதியாரும் குளித்தெழுந்த தண்ணீர் அது. வயலிலும் தீட்டில்லை, ஆற்றிலும் தீட்டில்லை, கொடுத்த பணத்திலும் தீட்டில்லை. இலை போட்டு உட்கார்ந்தவுடன் தீட்டு எங்கிருந்து வந்து இறங்கியது? ஒரு பொருளில் இல்லாத குற்றம் அதைச் சமைத்தவுடன் உண்டாகிறதென்றால், அந்தக் குற்றம் சோற்றிலன்று, உட்கார்ந்தவர் மனத்தில் இருக்கிறது. இதைக் காண்பதற்கு வேதாந்தமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். ஒரு பிடி அரிசியோடு வயல்வரை பின்னோக்கி நடந்துபோகும் நேர்மை போதும். அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் குறை சொல்லவில்லை. தங்களுக்குத் தனி இலை ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? மற்றப் பிள்ளைகளுக்குத்தான் தெரிந்திருக்குமா? ஆனால் தள்ளிவைக்கப்பட்ட பிள்ளை அதை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை.

கதையாசிரியர்கள் இந்தத் தருக்கத்தைத் தருக்கம் என்று சொல்லாமலே செய்வதில் வல்லவர்கள். ஐயரவர்களே ஒரு முன்னோடி. அவருடைய கதையொன்றில் குளத்தங்கரையில் நிற்கும் அரசமரம் பேசுகிறது என்பது நடவாத விஷயம்; அந்த நடவாததை ஒப்புக்கொண்டு நாம் கேட்கத் தொடங்கினால், மரத்துக்கு இருக்கும் இரக்கம் மனிதருக்கு இல்லாமற்போன உண்மையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்னும் பெயரில் கடவுளையே சென்னைப் பட்டணத்துக்கு அழைத்துவந்து, சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றுக்கு ஆயுள் சந்தாதாரர் ஆக்கினார். கடவுள் வந்தால் என்ன நடக்கும் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், கடவுளுக்கும் இந்த ஊரில் பிழைப்பு நடக்காது என்று தெரிகிறது. அவருடைய ‘மகாமசானம்’ இன்னும் கடுமையானது. அதில் நடவாதது ஒன்றுமே இல்லை. ஜனங்கள் நெருங்கிச் செல்லும் நகரத்து வீதியோரத்தில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். நகரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. நின்று பார்ப்பது ஒரு குழந்தை. அபத்தம் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. குழந்தை நிற்கிறது, பெரியவர்கள் நிற்கவில்லை. அவ்வளவுதான் அவர் சொல்வது.

இதுகாறும் நான் பேசியதெல்லாம் மனிதர் உண்டாக்கிய அபத்தம். வாதத்திலுள்ள அபத்தத்தை மறுக்கலாம், தீர்ப்பிலுள்ளதை மாற்றலாம், பந்தியிலுள்ளதைக் கலைத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை போடலாம். மறுக்கவும் மாற்றவும் முடியாத அபத்தம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் இந்தத் தலைப்பை முடிக்க எனக்கு உரிமையில்லை.

1925-ஆம் ஆண்டு. குருகுலக் கிளர்ச்சியால் மனம் நொந்து ஐயர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். ஜூன் மாதத்தில் மாணவர்களையும் தம் மகள் சுபத்திரையையும் அழைத்துக்கொண்டு பாபநாசத்துக்கு வந்தார். இதோ, இந்த மலைப்பாதையில் மேலேறினால் வரும் கல்யாண தீர்த்தத்துக்குச் சென்றார்கள். ஓடையைத் தாண்ட முயன்ற சுபத்திரை கால் தவறி வெள்ளத்தில் விழுந்தாள். மகளைக் காக்கத் தந்தை பாய்ந்தார். இருவரும் மீளவில்லை. அவருக்கு அப்பொழுது வயது நாற்பத்து நான்கு. இலண்டனின் போலீஸ் பிடிக்க முடியாத மனிதரை, சாம்ராஜ்யம் தேடியும் அகப்படாத மனிதரை, உல்லாசமாகப் பிள்ளைகளோடு வந்த ஒரு நாளில், யாருடைய விரோதமும் இல்லாத ஒரு நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் தவறு செய்ததா? அது கீழ்நோக்கி ஓடுவதுதானே அதன் இயல்பு. குழந்தை தவறு செய்தாளா? ஓடையைக் கண்ட குழந்தை தாண்டத்தான் பார்க்கும். தந்தை தவறு செய்தாரா? இந்த அவையில் உள்ள எந்தத் தந்தை பாயாமல் இருப்பார்? ஒருவரும் தவறு செய்யாத இடத்தில் இத்தனை பெரிய நஷ்டம் ஏன்?

அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு, சிசிபஸ் என்னும் கிரேக்கப் புராண புருஷனை முன்னிட்டு 1942-இல் வெளியிட்ட நூலில் இந்த ‘ஏன்’ என்பதைத்தான் ஆராய்ந்தார். அபத்தம் மனிதனிடத்தில் இல்லை, உலகத்திலும் இல்லை; காரணம் கேட்கும் மனிதனுக்கும் மறுமொழி சொல்லாத உலகத்துக்கும் இடையே அது நிற்கிறது என்பது அவர் கண்ட முடிவு. கேள்வியை விட்டுவிடவும் கூடாது, பொய்யான மறுமொழியை இட்டு அதை நிரப்பவும் கூடாது என்பது அவர் கட்சி. அவர் தெய்வ நம்பிக்கை இல்லாதவர்; இந்த அவையில் பெரும்பாலோர் நம்பிக்கை உடையவர்கள். ஆயினும் அவர் சொல்லில் நாம் கைக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பொய்யான மறுமொழி கூடாது என்பதே அது.

இத்தகைய சாவு நேர்ந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? காரணம் தேடுகிறோம். தாய் செய்த பாவம் என்கிறோம், தகப்பன் செய்த பாவம் என்கிறோம், மருமகள் வந்த வேளை என்கிறோம். துக்க வீட்டில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறோம். முனிவரின் தருக்கத்தை இங்கேயும் கொண்டுவருகிறேன், அவர் பொறுத்துக்கொள்வார். ஒவ்வொரு சாவும் அவரவர் பாவத்துக்கு அளந்து கொடுத்த தண்டனை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுபத்திரை விழுந்தது நியாயம். அவளைக் காக்கப் பாய்ந்த தந்தை அந்த நியாயத்தைத் தடுக்க முயன்றவர். நீரில் தத்தளிக்கும் பிள்ளையைக் கண்டு கைகட்டி நிற்பவனே தர்மவான் என்றாகிவிடும். இதை ஒப்புக்கொள்ள உங்களுள் யாருக்கேனும் மனம் வருமா? வராது. அந்த மனம் வராமையே அந்தக் கணக்கைப் பொய்யென்று காட்டிவிடுகிறது. கன்மக் கோட்பாட்டுக்குச் சித்தாந்தத்தில் அதற்குரிய இடமும் நுட்பமும் உண்டு. நான் அதை மறுக்கவில்லை. துக்கப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அது கருவியாவதை மறுக்கிறேன். ‘இதற்குக் காரணம் இல்லையம்மா, நீ ஒன்றும் செய்யவில்லை’ என்று, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் சொல்லத் தெரிந்தவனே அபத்தத்தின் பொருளை முழுமையாக அறிந்தவன்.

சிதம்பரம் பிள்ளையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். சிறையிலிருந்து வெளிவந்த பின்பு கப்பலும் இல்லை, செல்வமும் இல்லை. வாழ்க்கை இதற்குத்தானா என்று கேட்டுக்கொண்டு ஓய்ந்துபோக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் ஏட்டை எடுத்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்க உழைத்தார், திருக்குறளில் தோய்ந்தார், மறைவதற்கு ஓராண்டு முன்பு, 1935-இல், சிவஞானபோதத்துக்கு ஓர் உரை எழுதி வெளியிட்டார். விக்கிரமசிங்கபுரத்து முனிவர் மாபாடியம் செய்த அதே நூலுக்கு! இரண்டு ஆயுளும் பறிபோகும் என்று விதிக்கப்பட்டவர் எஞ்சிய காலத்தில் உட்கார்ந்து, உலகம் ஏன் தோன்றி நின்று ஒடுங்குகிறது என்னும் கேள்விக்கு உரை எழுதினார். மாபாடியம் கடல், பிள்ளையவர்களின் உரை எளிமையானது, அருகே வந்து நின்று பேசுவது.

இவ்விரண்டு உரைகளையும் அருகருகே வைத்து, முதலில் தருக்க சங்கிரகத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு மாலை படிக்கும் வகுப்பு ஒன்றை இவ்வூரில் தொடங்க வேண்டுமென்று இந்த அவையைக் கூட்டிய அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆலையில் வேலை செய்வோரும் வயலில் வேலை செய்வோரும் வரக்கூடிய நேரமாக அது அமையவேண்டும். பெண்களுக்கும் அதில் இடம் இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். முதல் பாடத்தை எடுக்க நான் சித்தமாக இருக்கிறேன்.